பிராங்பேர்ட்டில் பாடிய சோலைபாடி

உலகத்தில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட பறவைப் பாட்டு எது? ஜேர்மனியில் இதைக் கேட்டால் பலர் நாக்டிகால் என்பார்கள். இன்னும் சிலர் அம்செல் என்பார்கள். இரண்டும் இல்லை. இன்று நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய பறவை ஒலிப்பதிவில் பாடுவது, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அடர்காட்டுக்குள் ஒளிந்து வாழும் இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. தமிழ்நாட்டுப் பறவை நூல்கள் அதைச் சோலைபாடி என்று சொல்கின்றன. ஜேர்மன் மொழியில் ஷாமாட்ரோசல். பதிவு செய்யப்பட்ட ஊர் பிராங்பேர்ட். ஆண்டு 1889. பதிவு செய்தவருக்கு வயது 8.

அந்தச் சிறுவனின் பெயர் லூட்விக் கொக். பின்னாளில் அவர் ஜேர்மனியை விட்டு வெளியேறி, வேறொரு நாட்டில், வேறொரு மொழியில், திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தது. அதனால்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். பறவையும் நம் ஊர்ப்பக்கம். பையனின் கதையும் நம் வீட்டுக் கதைக்குத் தூரமில்லை.

முதலில் ஆளை அடையாளம் காண்போம்

சோலைபாடியைப் பார்ப்பது கடினம். அது வெயிலுக்கு வராது. மரத்தின் உச்சியில் இருந்து பாடிக் காட்டாது. மூங்கில் புதர், ஓடைக்கரை, முட்பற்றை, உதிர்ந்த இலைகள் மூடிய நிலம், இவைதான் அதன் வீடு. நிலத்தில் இருந்து ஓராள் உயரத்துக்குள்ளேயே பெரும்பாலான நேரம் இருக்கும். தாழ்ந்த கிளையில் இருந்து நிலத்துக்குப் பாய்ந்து ஒரு புழுவையோ வண்டையோ பிடித்துக்கொண்டு திரும்பவும் நிழலுக்குள் போய்விடும்.

ஆண் பறவையின் தலை, முதுகு, மார்பு எல்லாம் நீலம் மின்னும் கறுப்பு. வயிறு செங்கல் நிறம். வால்தான் அதன் பெருமை. கறுத்து, நீண்டு, படிப்படியாகக் குறுகி, ஓரங்களில் வெள்ளை இறகுகளோடு இருக்கும். வாலோடு சேர்த்து அளந்தால் நீளம் 23 முதல் 28 சென்ரிமீற்றர் வரை வரும். ஆனால் எடை 30 கிராம் அளவுதான். ஒரு ரென்னிஸ் பந்தின் எடையில் பாதி. நீளத்தைக் கேட்டு இதைப் பெரிய பறவை என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி வால்தான். கால்கள் வெளிர் இளஞ்சிவப்பு. கண் பெரியது, கறுத்தது. இருட்டில் வேலை செய்கிற கண்.

பெண் பறவையில் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் பொதுவாகச் சாம்பல் கலந்த பழுப்பு இருக்கும். வாலும் சற்றுக் குறுகியது. குஞ்சுகளுக்கு மார்பில் புள்ளிகள் உண்டு.

இவை எல்லாவற்றையும் விட உதவுகிற அடையாளம் ஒன்று இருக்கிறது. வாலின் அடியில், இடுப்புப் பகுதியில் பளிச்சென்ற வெள்ளை. காட்டுக்குள் நீங்கள் நடந்து போகும்போது பறவை உங்களுக்கு முன்பே உங்களைப் பார்த்துவிடும். பற்றைக்குள் ஒரு வெள்ளைத் திட்டு தாழ்வாகப் பறந்து மறைந்தால், பின்னால் ஒரு நீண்ட வால் போனால், அது சோலைபாடிதான். பலருக்கு அது காட்டுகிற முகமே அதன் முதுகுதான்.

குழம்ப வைக்கிற இரண்டு பறவைகள் உண்டு. ஒன்று குண்டுக்கரிச்சான். அதுவும் கறுப்பு வெள்ளை, அதுவும் நன்றாகப் பாடும், இரண்டும் நெருங்கிய உறவு. ஆனால் குண்டுக்கரிச்சான் மனிதரோடு பழகிய பறவை. வீட்டுக் கூரையிலும் மதிலிலும் ரிவி அன்ரனாவிலும் இருந்து பாடும். அதன் செட்டையில் நீளமான வெள்ளைக் கோடு உண்டு, ஆணின் வயிறு வெள்ளை. சோலைபாடியின் செட்டையில் வெள்ளையே இல்லை, வயிறு செம்மை. மற்றது அரசவால் ஈப்பிடிப்பான். அதற்கும் நீண்ட வால், செம்பழுப்பு உடல். ஆனால் அதன் தலையில் கொண்டை இருக்கும். மரத்தில் உயரமாக, கிளைக்குக் கிளை பறந்து திரியும்.

இனி பாட்டு. விடியும் முன்பும் பொழுது சாயும் நேரமும்தான் சோலைபாடியின் நேரம். மற்றப் பறவைகள் அடங்கிய பிறகும் இது பாடிக்கொண்டிருக்கும். புல்லாங்குழல் போலத் தெளிவான, கனமான சுரங்கள். ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லாது. மாற்றி மாற்றிப் பாடும். இடையில் மற்றப் பறவைகளின் குரலையும் எடுத்துக் கலக்கும். பயந்தால் மட்டும் 'டக், டக்' என்று நாக்கைத் தட்டுவது போலக் கூப்பிடும்.

ஜேர்மனியில் வளர்ந்த நமக்கு ஒரு வசதி உண்டு. நாக்டிகால், ரோட்கேல்ஷன், ஹவுஸ்ரோட்ஷ்வான்ஸ் எல்லாம் சோலைபாடியின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். காட்டு நிலத்தில் துள்ளி நடந்து, நின்று, தலையைச் சாய்த்துப் பார்க்கும் ரோட்கேல்ஷனின் நடையைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பெரிய கண்ணும் அந்த நிற்கும் விதமும் சோலைபாடியிடமும் இருக்கும்.

காட்டில் இருந்து கூட்டுக்கு

இப்படி ஒளிந்து வாழ்கிற பறவை பிராங்பேர்ட்டின் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்தது?

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆசியாவில் இருந்து ஐரோப்பாவுக்கு வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை இல்லாமல் போனது. நீராவிக் கப்பல்கள் பெருகின. முன்பு பயணத்தில் செத்துப் போயிருக்கக்கூடிய உயிரினங்கள் இப்போது உயிரோடு வந்து சேர்ந்தன. ஜேர்மனியில் கூட்டுப் பறவை வளர்ப்பு ஒரு பெரிய பொழுதுபோக்காகியது. கார்ல் ரூஸ் என்பவர் 1872இல் பேர்லினில் 'சிறகுள்ள உலகம்' என்று பொருள்படும் பெயரில், பறவை வளர்ப்போருக்காகவே ஒரு சஞ்சிகை தொடங்கினார். வெளிநாட்டுப் பறவைகளுக்கு என்ன உணவு கொடுப்பது, எப்படிக் குளிரில் காப்பாற்றுவது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தப் பறவைகளில் சோலைபாடிக்குத் தனி மதிப்பு. பாட்டுக்காக. 'இந்திய ஷாமா' என்பதுதான் அதற்கு வழங்கிய பெயர்.

இந்த வியாபாரத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஹம்பேர்க்கைச் சேர்ந்த மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கையில் இருந்து யானைகளோடு மனிதர்களையும் கூட்டிவந்து ஜேர்மன் நகரங்களில் காட்சிக்கு வைத்தார். மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். சிறுவன் லூட்விக்கின் வீட்டில் சோலைபாடி பாடியது அதே பத்தாண்டில்தான். பறவையின் பாட்டை ரசிக்கிறபோதும் இந்தப் பின்னணியை நாம் மறக்கக் கூடாது. அந்தப் பறவை விரும்பி வரவில்லை.

மெழுகில் விழுந்த குரல்

லூட்விக் கொக் 1881இல் பிராங்பேர்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இசை நிறைந்த வீடு. சிறு வயதிலேயே வயலின் வாசித்தார். அப்போது பிராங்பேர்ட்டில் வாழ்ந்த புகழ்பெற்ற பியானோக் கலைஞர் கிளாரா ஷூமானின் இசை வட்டத்துக்குள் போய்வரும் அளவுக்கு. வீட்டில் பறவைகளும் மிருகங்களும் வளர்த்தார். அவருடைய தந்தை ஒரு எடிசன் போனோகிராப் கருவியையும் மெழுகு உருளைகளையும் மகனுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் அது எவ்வளவு புதிய பொருள் என்று நினைத்துப் பாருங்கள். எடிசன் முதல் போனோகிராப்பைச் செய்தது 1877இல். மெழுகு உருளையில் பதியும் திருத்திய கருவி வந்தது 1888இல். அடுத்த ஆண்டு, 1889இல், எடிசனின் ஆள் தியோ வாங்கமான் அந்தக் கருவியோடு ஐரோப்பாவைச் சுற்றினார். ஒக்டோபரில் பிஸ்மார்க்கின் குரலைப் பதிந்தார். டிசெம்பரில் வியன்னாவில் இசைமேதை பிராம்ஸ் பியானோ வாசிப்பதைப் பதிந்தார். ஜேர்மன் பேரரசின் அதிபரும் மாபெரும் இசையமைப்பாளரும் அந்தக் கருவியின் முன் போய் நின்ற அதே ஆண்டில், பிராங்பேர்ட்டில் 8 வயதுப் பையன் ஒருவன் தன்னுடைய பறவையின் முன் அதைத் தூக்கி வைத்தான்.

கருவி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால், ஏன் நாக்டிகால் இல்லாமல் சோலைபாடி முதலில் வந்தது என்பதும் புரியும். அப்போது ஒலிப்பதிவுக்கு மின்சார மைக்ரோபோன் பயன்படவில்லை. ஒரு கூம்புக் குழாய். அதன் குறுகிய முனையில் ஒரு மெல்லிய தகடு. ஒலி அலை குழாய்க்குள் புகுந்து தகட்டை அதிர வைக்கும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகு உருளையில் அந்த அதிர்வைக் கோடாகக் கீறும். அவ்வளவுதான். ஒலியைப் பெருக்க வழியே இல்லை. ஆகவே பாடுகிறவர் குழாயின் வாய்க்குக் கிட்ட வந்து சத்தமாகப் பாட வேண்டும்.

காட்டில் சுதந்திரமாக இருக்கும் எந்தப் பறவை குழாயின் வாய்க்குக் கிட்ட வந்து நிற்கும்? கூட்டில் அடைக்கப்பட்ட பறவை மட்டும்தான். அதிலும் மனிதரைக் கண்டு மிரளாமல், அறைக்குள் இருந்தபடி உரத்துப் பாடக்கூடிய பறவை. சோலைபாடி அப்படிப்பட்டது. காட்டில் மனிதர் கண்ணில் படவே படாத பறவைதான் மனிதரின் கருவியில் முதல் குரலாகப் பதிந்தது. அது சுதந்திரமாக இருந்திருந்தால் அந்தப் பதிவு இருந்திருக்காது.

அடுத்த கட்டமும் கூட்டுப் பறவைதான். 1910இல் பிறேமன் நகரத்துக் கார்ல் ரைக், தான் வளர்த்த நாக்டிகாலைப் பாட வைத்து இசைத்தட்டாக வெளியிட்டார். கடைகளில் விற்ற முதல் உண்மையான பறவைப் பாட்டு அதுதான். ஐரோப்பாவின் புகழ்பெற்ற பாடகி, நம் பக்கத்துச் சோலைபாடிக்கு 21 ஆண்டுகள் பின்னால்.

லூட்விக்கின் பதிவை இன்றும் கேட்கலாம். இணையத்தில் அவருடைய பெயரோடு தேடினால் கிடைக்கும். முதலில் வெறும் கரகரப்பு. பழைய ரேடியோவில் அலைவரிசை பிடிக்காத மாதிரி. கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் கரகரப்புக்கு அடியில் ஒரு விசில், இன்னொரு விசில். பாடிய பறவையின் எலும்பு கூட எங்கேயும் இல்லை. குரல் இருக்கிறது.

பையன் வளர்ந்தான்

லூட்விக் பெரியவராகி மேடைப் பாடகரானார். முதலாம் உலகப் போர் அந்த வாழ்க்கையை நிறுத்தியது. 1920களின் கடைசியில் ஒலித்தட்டு நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய சிறுவயது ஆசை திரும்பி வந்தது. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பறவை நூலை வாசிக்கிறவருக்குப் படம் தெரிகிறது, எழுத்து தெரிகிறது, குரல் மட்டும் தெரிவதில்லை. நூலோடு ஒலித்தட்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? ஒலிநூல் என்ற எண்ணம் அப்படி வந்தது.

இப்போது மின்சார மைக்ரோபோன் வந்துவிட்டது. பறவையைக் கூட்டில் அடைக்கத் தேவையில்லை. ஆனால் கருவிகள் ஒரு வாகனம் நிறையப் பாரம். காட்டுக்குள் நீளமாகக் கம்பி இழுத்து, பறவை பாடும் பற்றைக்குக் கிட்ட மைக்ரோபோனை வைத்துவிட்டு, வாகனத்துக்குள் மெழுகுத் தட்டோடு காத்திருக்க வேண்டும். காற்று அடித்தால் போச்சு. தூரத்தில் ரயில் போனால் போச்சு. 1935இல் பேர்லினின் பறவை அறிஞர் ஒஸ்கார் ஹைன்ரோத்தோடு சேர்ந்து ஜேர்மன் பறவைகளின் ஒலிநூலை வெளியிட்டார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1933இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தார். யூதர்கள் ஒவ்வொரு தொழிலில் இருந்தும் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1935இல் நியூரன்பேர்க் சட்டங்கள் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தன. ஜேர்மன் காடுகளின் குரலை ஜேர்மன் மக்களுக்குக் கொடுத்த மனிதர், அந்தக் காடுகள் உள்ள நாட்டில் இனிக் குடிமகன் இல்லை.

1936இல் லூட்விக் கொக் இங்கிலாந்துக்குப் போனார். வயது 54. தொழிலை, ஊரை, மொழியை விட்டுவிட்டுப் போகிற வயது அது இல்லை. நம்முடைய அப்பாமார், பெரியப்பாமார் பலர் இருபதுகளில் வந்தார்கள். அதுவே எவ்வளவு கஷ்டம் என்று நாம் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

அவர் கையில் இருந்தது ஒரு திறமை மட்டும். பறவையைக் கேட்கத் தெரியும். இங்கிலாந்தில் மக்ஸ் நிக்கல்சன் என்ற பறவை ஆய்வாளரோடு சேர்ந்து அதே 1936இல் காட்டுப் பறவைகளின் பாடல் என்ற ஒலிநூலைக் கொண்டுவந்தார். 1938இல் ஜூலியன் ஹக்ஸ்லியோடு மிருகங்களின் மொழி பற்றிய ஒலிநூல். பிறகு பிபிசி வானொலி. ஜேர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் அவர் பறவைகளை அறிமுகம் செய்த குரல் பிரித்தானியா முழுவதும் தெரிந்த குரலாகியது. நினைத்துப் பாருங்கள். ஜேர்மனியோடு போர் நடந்த தலைமுறை அது. ஜேர்மன் உச்சரிப்பைக் கேட்டாலே முகம் சுளித்த காலம். அந்த உச்சரிப்பில்தான் ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்தத் தோட்டத்துப் பறவைகளைத் தெரிந்துகொண்டார்கள்.

அவருடைய ஒலிப்பதிவுகள் பிபிசியின் இயற்கை ஒலிக் களஞ்சியத்துக்கு அடித்தளமாயின. 1955இல் 'ஒரு பறவை மனிதனின் நினைவுகள்' என்ற பொருளில் வாழ்க்கைக் கதையை எழுதினார். 1960இல் பிரித்தானிய அரசின் விருது கிடைத்தது. 1974இல், 92ஆவது வயதில் காலமானார்.

அம்மா கேட்ட குரல்

இந்தக் கதையைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் சோலைபாடியின் இன்றைய ஒலிப்பதிவு ஒன்றைத் தொலைபேசியில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் நின்றார். அவர் 19 வயது வரை ஒட்டுசுட்டானில் வளர்ந்தவர்.

"உது எங்க இருந்து கேக்குது?" என்று கேட்டார்.

தொலைபேசியைக் காட்டினேன்.

"உது விடியப்புறம் குளத்துக்கரைப் பத்தைக்குள்ள இருந்து பாடுறதல்லோ. நாங்கள் தண்ணிக்குப் போகேக்க கேக்கும். ஆளைக் காணேலாது."

பெயர் என்ன என்று கேட்டேன்.

"பேர் ஆருக்குத் தெரியும்? சத்தம் தெரியும்."

படத்தைக் காட்டினேன். இப்படி ஒரு பறவையைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அந்தச் செங்கல் நிற வயிறும் நீண்ட வாலும் அவருக்குப் புதிது. ஆனால் பாட்டின் இடையில் வருகிற ஒரு வளைவை, அது வருவதற்கு முன்பே வாயால் விசிலடித்துக் காட்டினார். முப்பத்தைந்து வருடங்களாகக் கேட்காத குரல்.

அம்மா சொன்னதில் வியப்பில்லை. இலங்கையில் சோலைபாடி உலர்வலயக் காடுகளில் நன்றாகவே வாழ்கிற பறவை. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வன்னிக் காடு அதற்கு ஏற்ற இடம். இலங்கையில் உள்ள சோலைபாடி ஒரு தனித் துணையினம். அதற்கு லெக்கே என்ற பெயர் வைத்திருக்கிறார்கள். 1870களில் இலங்கையில் பிரித்தானியப் படை அதிகாரியாக இருந்து, தீவின் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய வில்லியம் வின்சென்ட் லெக்கின் நினைவாக. எழுதியவருடைய பெயர் பறவைக்கு வந்தது. விடிய விடிய அதைக் கேட்டு வளர்ந்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அறிவு இரண்டு விதமாக இருக்கிறது என்று அம்மாவைப் பார்த்தபோது தோன்றியது. ஒன்று படமும் பெயரும் அளவும் தெரிந்த அறிவு. மற்றது, பெயர் தெரியாமலே நேரமும் இடமும் குரலும் தெரிந்த அறிவு. இந்தப் பறவையை அடையாளம் காண்பதற்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

அமைதியாகும் காடுகள்

1880களின் கூட்டு வியாபாரம் முடிந்துபோன பழைய கதை இல்லை. இந்தோனேசியாவில் சோலைபாடிக்கு முராய் பத்து என்று பெயர். அங்கே பறவைப் பாட்டுப் போட்டிகள் பெரிய அளவில் நடக்கின்றன. வெல்கிற பறவைக்குப் பரிசுப் பணமும் பெயரும் கிடைக்கும். அதனால் காடுகளில் இருந்து பிடிக்கிறார்கள். சாவா, சுமாத்திராப் பகுதிகளில் பல காடுகளில் இந்தக் குரல் கேட்பதே அரிதாகிவிட்டது. மரங்கள் நிற்கின்றன, பாட்டு இல்லை.

இதனால் ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களின் கூட்டமைப்பு 2017 முதல் 2019 வரை 'மௌனக் காடு' என்ற பெயரில் ஒரு பரப்புரை நடத்தியது. ஜேர்மன் பூங்காக்களும் அதில் சேர்ந்தன. 2022இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, சோலைபாடியை நாடு விட்டு நாடு விற்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் பட்டியலில் சேர்த்தது. இனம் முழுவதும் அழியும் நிலையில் இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் காட்டுப் பறவையைப் பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஒரு காட்டில் இருந்து ஒரு குரல் போய்விட்டால், அந்தக் காட்டின் அடுத்த குஞ்சுகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பாடும் பறவைகள் பாட்டோடு பிறப்பதில்லை. பெரியவை பாடக் கேட்டுத்தான் பழகுகின்றன. இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

நீங்கள் கேட்க விரும்பினால்

ஜேர்மனியில் சில உயிரியல் பூங்காக்களின் வெப்பமண்டலக் கூடங்களில் சோலைபாடி இருக்கிறது. கூடம் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். மேலே பார்க்காதீர்கள், செடிகளின் அடியைப் பாருங்கள். அசையாமல் பத்து நிமிடம் நின்றால் போதும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், காட்டோரத்தில் தங்கினால், ஒரு நாள் மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பிப் பாருங்கள். தனியாகக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். வன்னியில் யானையும் உண்டு, எச்சரிக்கைப் பலகை வைத்த இடங்களும் உண்டு. வீட்டு வாசலில் நின்றாலே கேட்கும். முதலில் நேரத்தைக் குறியுங்கள். பிறகு பாட்டு எவ்வளவு உயரத்தில் இருந்து வருகிறது என்று கவனியுங்கள். நிலத்துக்குக் கிட்ட, பற்றைக்குள் இருந்து, ஒவ்வொரு வரியும் வேறு வேறாக வந்தால் அநேகமாக அதுதான். கூரையில் இருந்து வந்தால் குண்டுக்கரிச்சான். தொலைபேசியில் பதிந்த பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அதை வெளியே வரவழைக்க முயலாதீர்கள். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது பதறும்.

ஊருக்குப் போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் ஊரில் வளர்ந்த ஒருவர் இருப்பார். அம்மாவோ, அப்பாவோ, அம்மம்மாவோ. இலங்கைப் பறவைகளின் குரல்களை இணையத்தில் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுங்கள். படத்தைக் காட்ட வேண்டாம், குரல் மட்டும். எது தெரியும், எங்கே கேட்டார்கள், எந்த நேரத்தில், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். ஊரில் அந்தப் பறவைக்கு அவர்கள் வைத்த பெயர் ஏதாவது இருந்தால் அதையும் கேளுங்கள். அந்தப் பெயர் எந்த நூலிலும் இல்லாமல் இருக்கலாம்.

அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். லூட்விக்குக் கிடைத்த கருவியை விட உங்கள் பையில் இருக்கிற கருவி பல மடங்கு நல்லது. குழாயும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் நாளையும் ஊரையும் பேசுகிறவரின் பெயரையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். யார் பேசுவது, எங்கே, எப்போது என்று தெரியாத பதிவு நாளடைவில் யாருக்கும் உதவாது. நானும் அம்மாவும் இதுவரை 14 குரல்கள் முடித்திருக்கிறோம். அவற்றில் 9 அவருக்குத் தெரிந்தன. அடுத்து ஆட்காட்டி.